நீளம் தவறிய பாடங்கள்

இசக்கியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரன் கீற்றை உருவிக்கொண்டு போய், வந்த உறவெல்லாம் பஸ் ஏறிவிட்ட பிறகு, அவளுடைய அக்கா ஆவுடைச்செல்வி தலைக்குக் குளித்து, சாயம் போன கைத்தறிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வழக்கமான பஸ்ஸில் ஏறி வழக்கமான நிறுத்தத்தில் இறங்கி வேலைக்குப் போனாள். போய், ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்தி, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தில் விட்ட இடத்தை விரித்து வாயைத் திறந்தபோது அவளிடமிருந்து குரல் வரவில்லை.

உதடு அசைந்தது. நாக்கு போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போய்த் திரும்பியது. மூச்சும் போனது. சத்தம் மட்டும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு, கரண்ட் எதற்கு வீணாக என்று மைக்கை அணைத்தாள்.

அவள் பயப்படவில்லை. டப்பாவைத் திறந்தால் உப்பு தீர்ந்திருப்பது போல, சரி, இதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. சோறு உள்ளே போனது, ருசி தெரியவில்லை. அடுப்பில் கை பட்டுக் கொப்புளம் வந்தது, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டிருக்கிறது என்று தெரிந்தது. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. கல்லு மாதிரி நிக்கா பாரு என்று வந்திருந்த பெண்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். கேட்டாள். அதுவும் உள்ளே போய் எங்கும் படவில்லை.

அவள் வேலை பார்த்தது, தாமிரபரணிக்குத் தெற்கே கோர்ட்டுக்குப் பின்பக்கமாகப் போகும் தெருவில், பார்வையில்லாத பெண்கள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில். இசக்கி பிறவியிலேயே கண் தெரியாதவள். சின்ன வயதில் அவளுக்குப் பாடப் புத்தகம் வாசித்துக்காட்ட ஆரம்பித்த ஆவுடை, அவள் கல்லூரிக்குப் போனபோதும் வாசித்தாள். தங்கச்சி ஆசிரியர் பயிற்சிக்கென்று இந்த விடுதியில் சேர்ந்தபோது உடனிருந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து வாசித்தாள். கடைசியில் விடுதியே அவளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. அவள் வாசிப்பில் ஒரு பழக்கம் உண்டு. படம் வந்தால் தாண்டிப் போகமாட்டாள். "இங்க ஒரு படம் இருக்கு, ஒரு மாடு நிக்குது, மாட்டுக்குப் பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு, அவரு ஏன் சிரிக்காருன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். தங்கச்சிக்கு வாசித்து வந்த பழக்கம் அது. விடுதியில் எல்லோருக்கும் அப்படியே பிடித்துப்போய்விட்டது.

வாசிப்பது போக அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பதிவு செய்த பாடங்களில் சில, எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத் தப்பாகக் காட்டும். ஒவ்வொரு ஃபைலின் தலைப்பிலும் அதன் நீளம் எழுதியிருக்க வேண்டும். அது எழுதப்படாமல் விட்டுப்போனால், ஓட்டுகிற கருவி தானாக ஒரு குத்துமதிப்புப் போட்டு, நாற்பது நிமிடப் பாடத்தை இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிடும். கண் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். விடுதிப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும் அந்த நீளம்தான் வழி. பாதிப் பாடத்துக்குப் போக வேண்டும் என்று பாதி நேரத்தைத் தட்டினால், பாடம் எப்போதோ முடிந்துபோய், ஊர் தாண்டி இறக்கிவிடப்பட்டவர்கள் மாதிரி ஒன்றுமில்லாத இடத்தில் நிற்பார்கள். சரிசெய்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஃபைலை அதற்கான மென்பொருளில் போட்டால் அது முதலிலிருந்து கடைசிவரை ஓடி, அளந்து, சரியான நீளத்தைத் தலைப்பில் எழுதிவிடும்.

குரல் இல்லாதவள் இனி இதையாவது பார்ப்போம் என்று ஆவுடை உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் வாசித்த பாடங்கள் அத்தனையும் நீளம் தவறியிருப்பதைக் கண்டாள். அரை மணி நேர உளவியல் பாடம் ஆறு மணி நேரம் என்றது. இலக்கணம் ஒரு முழுப் பகல் என்றது. ஒவ்வொன்றாக மென்பொருளில் போட்டாள். அது ஓடி, அளந்து, ஆறு மணி நேரம் சரிதான் என்று எழுதியது. மறுபடியும் போட்டாள். மறுநாள் வந்து மறுபடியும் போட்டாள். ஒரு வேலை நடக்கவில்லையே என்ற சலிப்புகூட அவளுக்கு வரவில்லை; வாசல் தெளிப்பது போலத் தினமும் அதைச் செய்தாள்.

ஒருநாள் மத்தியானம் பேச்சித்தாய் வந்து கதவைத் தட்டினாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து ஊர்க்காரி, இசக்கியோடு ஒரே அறையில் இருந்தவள். தயங்கித் தயங்கி நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"யக்கா, அதைப் போட்டுச் சிரமப்படாதீய. நீளம் தப்பில்ல. நீங்கதான் வாசிச்சுக்கிட்டே இருக்கீய."

ஆவுடை ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். பாடம் முடிந்த இடத்தில் கொஞ்சம் அமைதி இருந்தது. பிறகு தாள் புரளும் சத்தம். பிறகு அவளுடைய குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் ஒருநாளும் வாசித்திராத ஒரு புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தது. அது புதிய பாடத்திட்டத்துப் புத்தகம். அவள் இல்லாத நாட்களில் வந்திறங்கி, பிரிக்காத கட்டாக கம்ப்யூட்டர் மேசையின் மேல் கிடந்தது. இங்க ஒரு வரைபடம் இருக்கு என்றது குரல். ஆத்தை நீலமாப் போட்டுருக்காவ, நம்ம ஆறு இவ்வளவு நீலமில்ல.

காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு ஆவுடை வீட்டுக்குப் போனாள்.

பிள்ளைகளுக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தது. தெரிந்து, பழகி, அதற்கென்று ஒரு ஒழுங்கும் வைத்திருந்தார்கள். எந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டுமோ அதை ராத்திரி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் விடிவதற்குள் ஏதாவது ஒரு ஃபைல் அந்தப் புத்தகத்தின் அளவுக்கு நீண்டிருக்கும். எந்த ஃபைல் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். விடுதியை நடத்திய கிரேஸ்லின் டீச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஈரக்கையோடு யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். பிறகு தெருவுக்குத் தெரிந்தது. கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாதவர்கள் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெளியூர் மகன் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையை ஒருவர் வைத்தார்; குரல் அதை வாசித்து, ஓரத்தில் ரெண்டு மயில் இருக்கு, ஒண்ணுக்குத் தோகை அச்சுல விழல என்றும் சொன்னது. முனையில் டீக்கடை வைத்திருந்த அம்மா தன் கடைக்கு வரும் பேப்பரைத் தினமும் கொடுத்தனுப்பினாள். பேப்பரில் கொலைச் செய்தி வந்தால் குரல் கொஞ்சம் தணிந்து, வேகமாக வாசித்துவிட்டுப் போகிறது என்றும், கத்தரிக்காய் விலையை நிறுத்தி வாசிக்கிறது என்றும் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் பூவரச இலை ஒன்று காற்றில் ஜன்னல் வழியாக வந்து மேசையில் விழுந்துவிட, அதற்கும் ஒரு நிமிடம் நீண்டிருந்தது. அந்த நிமிடத்தில் குரல் ஒன்றும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்ததாம்.

ஆவுடையின் புருஷன் சங்கரலிங்கம் பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் இருவருக்கும் தலையசைப்பிலேயே பேச்சு முடிந்துகொண்டிருந்தது. பழைய மாதிரி, என்ன இவ்வளவு நேரம் என்று கேட்க ஆளில்லாமல், அவன் வேலை முடிந்தும் பார்சல் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அவன் சாப்பாட்டு நேரத்தில் விடுதிக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பார்சல் ரசீதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வந்து, அது வாசிக்கப்பட்டதைக் கேட்டான். அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், எடை, உடையும் பொருள். பிறகு தினமும் ஒரு ரசீதோடு வந்தான். பிள்ளைகள் அவனுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார்கள். ஆவுடைக்கு இது தெரிந்தும் அவள் வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை. அவன் முதுகை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பாவம் என்று ஒரு சொல் மனதில் வந்தது. சொல் மட்டும்தான் வந்தது.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார்.

பேச முடியாதவளும் பார்க்க முடியாதவர்களும் பேசிக்கொள்ள ஒரு வழிதான் இருந்தது. ஆவுடை கம்ப்யூட்டரில் தட்டுவாள். பிள்ளைகளுக்காக அதில் போட்டிருந்த தகரக்குரல் அதை வாசிக்கும். சாப்பிட்டாச்சா என்பதைக்கூட அது பஸ் நிலைய அறிவிப்பு மாதிரிதான் கேட்டது. அந்தக் குரலில் பேசுவது ஆவுடைக்குச் சௌகரியமாக இருந்தது.

குரல் எங்கே போனது என்பது அவளுக்குத் தற்செயலாகத்தான் உறுதியானது. ஒரு சிறிய கணக்கு வாய்பாட்டுப் பாடத்தில் நீண்டிருந்த வால் கொஞ்சம்தான். யாருக்கும் வேண்டாத ஏதோ ஒரு நோட்டீஸ். பாடம் உண்மையில் முடிந்த இடத்தில் அதை வெட்டி, தலைப்பில் சரியான நீளத்தை எழுதிப் பார்த்தாள். இந்தத் தடவை எழுதிய நீளம் மாறாமல் நின்றது. சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்க, "வண்ணார்பேட்டை" என்று அவள் வாய் சொன்னது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். இறங்குமுன் இன்னொரு தடவை முயன்றாள். வரவில்லை. வெட்டிய அளவுக்குத்தான் வந்திருக்கிறது.

மறுநாள் அதைத் தட்டிச் சொன்னாள். தகரக்குரல் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தது. ஆசிரியர் தகுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய பாடத்திட்டத்துப் புத்தகம் ஒன்றுகூட வேறு எங்கும் ஒலியாக இல்லை. இருந்தாலும் மேலப்பாளையத்து மைதீன்பாத்து, எதையும் அளந்து பேசுகிற பெண், அது அக்காவுடைய தொண்டை, நாளைக்கே வெட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் யாரையாவது கையைக் காலைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக்கொள்கிறோம் என்றாள். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். தெருவிலும் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. பிறப்போடு வந்தது அவளுடையது என்றாள் டீக்கடை அம்மா. ஆட்டோ ஸ்டாண்டில், அது தானாகத்தானே அங்கே போய் உட்கார்ந்தது, நாம் யார் அதை விரட்ட என்றார்கள். கிரேஸ்லின் டீச்சர் ஒரு பக்கமும் சேராமல், சாயங்கால ஜெபத்தில் பொதுவாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். சங்கரலிங்கத்திடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆவுடை, தேர்வு முடியட்டும் என்று தட்டினாள். அது தியாகம் என்று தெரு சொன்னது. அப்படியெல்லாம் இல்லை. திரும்பி வந்தால் அந்தக் குரலை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை; அவ்வளவுதான்.

தேர்வு வந்தது, போனது. பிள்ளைகளில் பலர் தேறினார்கள். அதற்குப் பின்னால், இந்தப் பாடங்களையெல்லாம் மற்ற ஊர் விடுதிகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு நடந்தது. புதிய புத்தகங்களை வாசிக்க வேறு ஆட்களும் கிடைத்திருந்தார்கள். பிரதிக்குப் போகும் ஃபைல்கள் நீளம் தவறியிருக்கக் கூடாது. கிரேஸ்லின் டீச்சர் ஒலிப்பதிவு அறைக்கு வந்து, "ஆவுடை, இனி உன்னுது உனக்கு வரட்டும். மெல்லச் செய்ம்மா" என்றார்.

அவள் மெல்லச் செய்தாள். ஒவ்வொரு பாடமும் உண்மையில் முடிந்த இடத்தைக் காதால் கேட்டு, அதற்கு மேல் ஓடியதை வெட்டி, நீளத்தைத் திருத்தினாள். உளவியலை வெட்டிய அன்று ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேச முடிந்தது. இலக்கணத்துக்கு இரண்டு நாள் வந்தது. வெட்ட வெட்டக் குரல் பழைய அளவுக்குத் திரும்பி, சேர்ந்து, நிலைத்தும்விட்டது. சங்கரலிங்கம் மறுபடியும் நேரத்தோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். "என்ன இவ்வளவு சீக்கிரம்" என்று அவள் கேட்க, அவன் முகத்தைக் கழுவப் போய் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தான். ஆனால் அந்தக் குரல் அவள் வாயில் தகரக்குரல் மாதிரியேதான் இருந்தது. பால் வேணும், பஸ் போயிட்டு, கரண்ட் இல்ல. சத்தம் வந்ததே தவிர உள்ளே ஒன்றும் அசையவில்லை.

கடைசியில் எண்ணிப் பார்த்தபோது ஒரு பாடம் குறைந்தது. வரலாறு, சாலைகளும் சுங்கமும் என்ற பாடம். அதை என்றைக்குப் பதிவு செய்தாள் என்பது அவளுக்கு மறக்கவில்லை. இசக்கியைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நேற்றைக்கு இன்று பரவாயில்லை, நீ போய் அந்தப் பிள்ளைகளுக்கு வாசி என்று இசக்கியே அனுப்பிவைத்தாள். பாடத்தை முடித்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் சங்கரலிங்கம் நின்றுகொண்டிருந்தான். செருப்பைப் போடு என்று மட்டும் சொன்னான்.

தேடினாள். கம்ப்யூட்டரில் எங்குமே இல்லை. பேச்சித்தாயிடம் கேட்டாள். பேச்சித்தாய், வாங்க என்று முன்னால் நடந்தாள்.

விடுதியின் பின்கட்டில், துணி காயப்போடும் முற்றத்தை ஒட்டி, உடைந்த கட்டில்கள் போட்டு வைத்த ஓர் அறை இருந்தது. நல்ல வெயில் நேரம். அறையைச் சுத்தமாகக் கூட்டி, கோரைப்பாய் விரித்து, நடுவில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் மைதீன்பாத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். லேப்டாப்பிலிருந்து சன்னமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஆவுடை வாசலிலேயே நின்றாள். முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. அறுந்து அறுந்து வந்தது, மூக்குறிஞ்சியது, மூச்சு கிடைக்காமல் திணறி, மறுபடியும் மேலே ஏறியது. நடுவில் ஒரு பெயரைச் சொல்லப் பார்த்து, பாதிப் பெயரிலேயே உடைந்தது. அது அவளுடைய குரல்.

"பாடம் முடிஞ்ச இடத்திலிருந்து இதுதான்க்கா" என்றாள் பேச்சித்தாய். "நீங்க காரியம் கழிச்சு வர்றதுக்கு முன்னாலயே கேட்டுட்டோம். கம்ப்யூட்டர்கிட்ட இது எவ்வளவு நீளம்னு கேட்டா, தெரியலன்னுதான் சொல்லுது."

வருகிறவர் போகிறவர் காதில் விழக் கூடாது என்றுதான் இங்கே கொண்டுவந்து வைத்ததாக மைதீன்பாத்து சொன்னாள். அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். காலேஜுக்குப் போகிறவர்கள் சாயங்காலம், மற்றவர்கள் பகலில், சமையல்காரம்மா எல்லோரும் தூங்கிய பிறகு. தேர்வு நாட்களிலும் இங்கேயே பாடத்தை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேசுவதில்லை, தேற்றுவதும் இல்லை. சாவு வீட்டில் பக்கத்தில் இருப்பது போல இருந்துவிட்டு, அடுத்த ஆள் வந்ததும் எழுந்து போவார்கள்.

"அணைச்சு வச்சிருக்கலாமே" என்றாள் ஆவுடை.

"அணைக்கலாம்தான்" என்றாள் மைதீன்பாத்து. "அழுதுக்கிட்டு இருக்கவள எப்படிக்கா அணைக்க?"

ஆவுடை உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மைதீன்பாத்து நகர்ந்து இடம் விட்டு, செம்பை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவளுக்குக் கொடுப்பது போல. ஆவுடை ஒரு மடக்குக் குடித்தாள். தன் அழுகையை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளாக இவள் இங்கே இருந்திருக்கிறாள். பஸ் ஏறியபோதும், பால் வாங்கியபோதும், சுட்டது தெரியாமல் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் இவள் இங்கேதான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். வெளியே கொடியில் சேலைகள் அடித்துக்கொண்டன. வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. அந்தக் குரல் ஓயவில்லை. ஆவுடையின் கண் காய்ந்தே இருந்தது.

"இதைச் சரி பண்ணணும்னு கட்டாயமில்லக்கா" என்றாள் பேச்சித்தாய். "அந்தப் பாடத்தை வேற யாராவது புதுசா வாசிச்சுக் குடுத்துரட்டும். நாங்க பாத்துக்கிடுதோம். எத்தனை வருசமானாலும்."

"தங்கச்சி உன் கூடத்தானே இருந்தா" என்றாள் ஆவுடை. "நீ எங்க போய் அழுத?"

"இங்கதான்" என்று பேச்சித்தாய் லேப்டாப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இவிய கூட."

ஆவுடை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மென்பொருளைத் திறந்தாள். பாடத்தின் கடைசி வரிக்குப் போனாள். சுங்கச்சாவடிகள் ஆற்றுத் துறைகளிலும் அமைக்கப்பட்டிருந்தன என்று தெளிவாக வாசித்து அவள் குரல் முடித்தது, புத்தகம் மூடும் சத்தம் கேட்டது, நாற்காலி நகர்ந்தது. அதற்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் அடையாளம் வைத்தாள். அங்கிருந்து வலது ஓரம் வரைக்கும், முடிவு தெரியாத அளவுக்கு, திரை நெடுகக் கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. விரல் வெட்டும் பட்டனின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அழுத்தினாள். பாடத்தின் சரியான நீளத்தைத் தலைப்பில் எழுதச் சொன்னாள். எழுதியது.

லேப்டாப் அடங்கியது. அத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில் சத்தமில்லாமல் இருந்தது ஒரு மூச்சு நேரம்தான். அங்கே எந்தத் திணறலில் அறுந்ததோ அதே திணறலிலிருந்து பாயின் ஓரத்தில் ஆவுடையின் வாயில் அது தொடர்ந்தது. அங்கே பாதியில் உடைந்த பெயரின் மிச்சப் பாதி முதலில் வந்தது. பிறகு முழுப் பெயர். பிறகு வார்த்தை இல்லை. சத்தம் சன்னமாக இல்லை இப்போது. முற்றத்தைத் தாண்டி, சமையல் கட்டைத் தாண்டி, தெருவுக்குப் போனது. டீக்கடையில் பாய்லர் பக்கத்தில் நின்றவள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, கடையின் ரேடியோவை நிறுத்தினாள்.

மைதீன்பாத்து கையால் துழாவி லேப்டாப்பை மூடினாள். அவள் முறை எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த முறைக்காரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் பார்த்து, அந்தப் பக்கமாக வந்து ஆவுடையின் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். மைதீன்பாத்து எழவில்லை. பேச்சித்தாயும் எழவில்லை.